விற்பதற்காக எழுதிய பாட்டு அல்ல அது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1981-ல் தொடங்கி இன்னும் மேடையில் நிற்கும் ஒரு குழுவுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' பாட்டை, வானொலிக்காகவும் பெண்களை வாங்க வைப்பதற்காகவும் சேர்த்த மென்மையான சரக்கு என்று உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். அதைப் படித்ததும் மனசு ஆறவில்லை.

அந்தப் பாட்டு பிறந்த விதம் தங்களுக்குத் தெரியாததல்ல. குழுவின் பாடகரும் கிதார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு காதலியோடு பேசிக்கொண்டிருக்கிறார். இன்னொரு கை கிதார் கம்பிகளைச் சும்மா மீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பாட்டின் ஆரம்பச் சுரங்களை வாசிக்க இடது கையால் எந்தக் கம்பியையும் அழுத்த வேண்டியதில்லை. எல்லாம் திறந்த கம்பிகள். கிதாரைத் தொட்ட புதிதிலேயே என் மகன் அதை வாசித்தான். ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறவனுக்கும் அவன் விட்டுவந்தவளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றி, தனக்காக மட்டும் அவர் எழுதி வைத்துக்கொண்டது அது. குழுவுக்குக் காட்டவே தயங்கியிருக்கிறார். விற்பனையை மனதில் வைத்து எழுதுகிறவர் எதற்காகத் தயங்கப் போகிறார்?

அந்தப் பாட்டு இடம்பெற்ற 1991 ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது உண்மைதான். பாப் ராக் என்பவர் தயாரிப்பாளராக வந்த பிறகு வேகம் குறைந்தது என்று பழைய ரசிகர்கள் கோபப்பட்டதும் உண்மை. அதற்காக, பிறகு நன்றாக விற்ற ஒன்று விற்பதற்காகவே எழுதப்பட்டது என்று ஆகிவிடுமா?

என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். துறைமுகத்திலிருந்து போன் வந்தால் சாப்பிட்டாயா, பணம் வந்ததா, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா, இவ்வளவுதான் பேசுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. ஒரு விடுமுறையில் இந்தக் கேசட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "இதைக் கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. ஆனாலும் அந்தக் கனத்த குரல் இறங்கி இறங்கிப் பேசுவது எதைப் பற்றி என்று புரிந்தது. மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாத ஓர் ஆள், அதைச் சொல்ல ஒரு பாட்டைக் கண்டுபிடித்திருந்தார். பெண்களை வாங்க வைக்கும் தந்திரம் என்று எழுதியவருக்கு, வாங்கி வந்தவர் ஒரு கப்பல்காரர் என்பதைத் தெரிவித்துவிடுங்கள்.

இதே பழியை இந்தக் குழு முன்பே சுமந்திருக்கிறது. 1984-ல் சாவைத் தேடும் மனநிலையைப் பற்றி 'ஃபேட் டு பிளாக்' பாடியபோது, மெல்லிய கிதாரோடு தொடங்கிய ஒரே குற்றத்துக்காக விலைபோய்விட்டார்கள் என்றார்கள். 1996-ல் வந்த 'மாமா செட்' பாட்டில், தன் பதினாறாவது வயதில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தாயிடம் ஹெட்ஃபீல்ட் பேசினார். இதெல்லாம் ஒரே மனிதர் வருஷக்கணக்காகத் தன்னைத் திறந்து காட்டியது. தங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2001-ல் ஹெட்ஃபீல்ட் மதுப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கப் போனதைத் தாங்கள் ஒரு முறை கிசுகிசுவாகப் போட்டீர்கள். அந்தக் காலத்துச் சண்டை, அழுகை எல்லாவற்றையும் அந்தக் குழுவே கேமரா முன்னால் வைத்து 2004-ல் படமாக வெளியிட்டதைப் போடவில்லை. அப்புறம், இல்லத்தரசிகள் கேட்கும் பாடல்கள் என்று ஒரு சிறப்புப் பகுதி வந்தது. தாலாட்டும் பக்திப் பாடலும் போதும் எங்களுக்கு என்று யார் முடிவு செய்தார்கள்? அப்போதும் எழுதினேன். அந்தக் கடிதம் பிரசுரமாகவில்லை. பரவாயில்லை, இடப் பற்றாக்குறை இருந்திருக்கும். ஆனால் இத்தனை வருஷ வாசகிக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' பாட்டின் கிதார் தனியாவர்த்தனத்தை வாசித்தவர் குழுவின் இன்னொரு கிதார் கலைஞர் கிர்க் ஹாமெட் என்று கட்டுரையில் இருக்கிறது. ஒலிப்பதிவில் அதை வாசித்தவர் ஹெட்ஃபீல்டே. ஹாமெட் அந்தப் பதிவில் வாசிக்கவே இல்லை. வாத்தியக்குழு இசையை அமைத்த மைக்கேல் கேமன் பெயரும் விடுபட்டிருக்கிறது. அவர்தான் 1999-ல் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி வாத்தியக்குழுவோடு இந்தக் குழு வாசித்தபோதும் நடத்துநராக நின்றவர். அடுத்த இதழில் இந்த இரண்டையும் திருத்தம் பகுதியில் போடுங்கள். மூலையில் சின்ன எழுத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி