பந்தியில் பேசுவது ஏன் புரிவதில்லை: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கும், அவர்களைக் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டி வரும் பிள்ளைகளுக்கும், பேரன் பேத்திகளுக்கும் வணக்கம்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு குரல் பதிவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். எனக்கே ஐந்து பேர் அனுப்பினார்கள். "அவ்வளவு பணம் கொடுத்து வாங்கின காது மெஷின், கல்யாணத்தில் அப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. சத்தமே இல்லாத ரூமுக்குள் உட்கார வைத்து, கேட்குதா கேட்குதா என்று காட்டி ஏமாற்றி விற்றுவிடுகிறார்கள்" என்பது அதன் சாரம். நம் கடை இருக்கும் தெருவும் அதில் தெளிவாகவே வருகிறது. பேசியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய அப்பா ஆறு வருடமாக நம்மிடம் வருகிறவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். பெற்றவர் நாலு பேர் முன்னால் சங்கடப்பட்டதைப் பார்த்த மகளின் பேச்சு அது. ஆனால் ‘ஏமாற்றி’ என்ற அந்த ஒரு சொல்லோடு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அடுத்த நாளே ஐயா வீட்டுக்குப் போனேன். நடந்ததை அவரே சொன்னார், இங்கே எழுதவும் சம்மதித்தார். வைகாசி முகூர்த்தம், திருச்சியில் ஒரு பெரிய மண்டபம். பந்தியில் இவருக்கு வலப் பக்கம் சம்பந்தி. அவர் "ஊருக்கு எப்பப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர் காதில் விழுந்தது "சோறு எப்பப் போடுவாங்க?" என்று. "இதோ வந்துக்கிட்டே இருக்காங்க, சாம்பார் முதல்ல வரும்" என்று பதில் சொல்லியிருக்கிறார். அடுத்த வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஐயா ஒன்றும் பேசாமல் இரண்டு காதிலிருந்தும் மெஷினைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கையலம்பும் வரை யாரிடமும் பேசவில்லை. என்னிடம் இதைச் சொல்லும்போதும் அவர் கை அந்தச் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டு வந்தது.

இப்போது அந்த அறை விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் கடையின் உள்ளறையில் சுவருக்கெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, தடித்த கதவு போட்டிருப்பது சோதனைக்காக. எந்த ஸ்தாயியில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை உங்கள் காதுக்கு எட்டுகிறது என்று அளந்து ஆடியோகிராம் எடுக்கிறோம். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தால் அந்த அளவு தப்பாக வரும், தப்பான அளவை வைத்து மெஷினை டியூன் செய்தால் அதுவும் தப்பாகத்தான் போகும். ஆஸ்பத்திரியில் எடுத்தாலும் இப்படி ஒரு அறையில்தான் எடுப்பார்கள். நாங்களாகக் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. சந்தடியில் ஆடியோகிராம் சரியாக எடுக்கவே முடியாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

சரி, ஆனால் அந்தக் குறையில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. அதே அறையிலேயே மெஷினை மாட்டிவிட்டு, "கேட்குதுங்களா ஐயா?" என்று கேட்டு, "நல்லா கேட்குதுப்பா" என்று அவர் முகம் மலர்ந்ததும் நாங்களும் மகிழ்ந்து அனுப்பிவிட்டோம். கல்யாண வீட்டில் இப்படிக் கேட்காது என்று முதல் நாளே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னோம் என்றுதான் நினைவு. அவர் மனதில் பதியும்படி சொல்லவில்லை.

கேட்பது வேறு, புரிவது வேறு. நம் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வதே "சத்தம் கேட்குது, என்ன பேசுறாங்கன்னு புரியலை" என்பதுதான். பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகளுக்குப் பலம் அதிகம், ஸ்தாயி தாழ்வு. கட்டு, தட்டு, பட்டு என்று ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரிப்பது முன்னால் வரும் மெய்யொலி. அது மெல்லியது, ஒரு நொடியில் சிறு பங்குதான் நீடிக்கும், அதன் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த ஸ்தாயியில் இருக்கும். வயதாகும்போது முதலில் குறைவதும் அந்த உயர்ந்த ஸ்தாயிதான். மண்டபத்து இரைச்சல் முதலில் மூடுவதும் அந்த மெல்லிய ஒலிகளைத்தான். ஐயாவுக்கு ‘ஊரு’ சோறானது இப்படித்தான்.

மெஷின் அந்த மெல்லிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். வீட்டில், கடைத்திண்ணையில், ஒருவரோடு ஒருவர் பேசும்போது பெரும்பாலும் அதுவே போதும். கூட்டத்தில் போதாது. ஏன் என்பது உள்காதில் இருக்கிறது. அங்கே ஒலியைப் பிடிக்கும் நுண்ணிய முடி வைத்த செல்கள் இரண்டு வகை: ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 12,000 வெளிமுடி செல்கள், 3,500 உள்முடி செல்கள். வெளிமுடி செல்கள் ஒலியைப் பெருக்குவதோடு நிற்பதில்லை, ஒரு ஸ்தாயியை அடுத்ததிலிருந்து கூர்மையாகப் பிரித்தும் கொடுக்கின்றன. போனால் திரும்ப முளைக்காது. என் அம்மாவுக்கு நான் சொன்ன உதாரணம் இது: பல் உடைந்த சீப்பை எவ்வளவு அழுத்திச் சீவினாலும் சிக்கு பிரியாது. மெஷின் அழுத்தத்தைக் கூட்டும், சீப்புக்குப் பல்லைக் கட்டித் தராது.

பல பேர் பேசும் இடத்தில் ஒரு குரலை மட்டும் எப்படிப் பிரித்துக் கேட்கிறோம் என்பதை லண்டனில் வேலை பார்த்த கொலின் செர்ரி என்பவர் 1953-ல் ஆராய்ந்து எழுதினார். அன்றிலிருந்து எவ்வளவோ பேர் உழைத்தும் இந்தத் துறையில் இன்னும் முழுசாகத் தீராத பிரச்சினை இது. காது நன்றாக இருப்பவருக்கு, எதிரே பேசுகிற குரல் சுற்று இரைச்சலைவிடக் கொஞ்சம் தணிந்திருந்தாலும் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும். உள்காது பலவீனப்பட்டவருக்குக் குரல் இரைச்சலைவிடச் சில டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) மேலே இருந்தாக வேண்டும், சிலருக்கு 10 டெசிபல்கூடப் போதாது. இரண்டு மைக் உள்ள நல்ல மெஷின், முன்னால் வருவதை எடுத்துப் பின்னால் வருவதைத் தணித்துத் தரும் லாபம், இடம் தோதாக இருந்தால் மூன்று முதல் ஐந்து டெசிபல். கிரானைட் தரையும் வெறும் சுவருமாக எதிரொலிக்கிற மண்டபத்தில் அதுவும் குறையும். மீதி இடைவெளியை மெஷினால் நிரப்ப முடியாது. எங்களிடம் வாங்கினாலும் சரி, வேறெங்கே வாங்கினாலும் சரி.

"அப்போ ‘நாய்ஸ் ரிடக்ஷன்’ என்று சொன்னீர்களே?" என்று கேட்பீர்கள். ஃபேன், ஏசி, பஸ் இன்ஜின் போன்ற ஒரே சீரான சத்தத்தை அது நன்றாக அடக்கும், காதுக்கு அலுப்பு குறையும். பந்தியில் இரைச்சல் என்பதே இன்னும் இருநூறு பேரின் பேச்சு. இவர்களில் உங்கள் சம்பந்தி யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? புதிதாக வந்திருக்கிற, செயற்கை நுண்ணறிவுச் சிப் வைத்த மெஷின்கள் பேச்சையும் இரைச்சலையும் முன்னைவிட நன்றாகவே பிரிக்கின்றன. விலை அதிகம். ஆனால் "அதை வாங்குங்கள், எல்லாம் தீர்ந்துவிடும்" என்று நான் சொல்லமாட்டேன். பேச்சைப் பேச்சிலிருந்து பிரிப்பது அதற்கும் பாடுதான்.

இன்னொன்று. மெஷினோடு வரும் புத்தகத்தில் ‘பேசுகிறவரை நேரே பாருங்கள்’ என்று போட்டிருப்பார்கள். அது மேசையைச் சுற்றி உட்காருகிற ஊருக்கு எழுதியது. நம் பந்தியில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக உட்காருகிறோம். முன்னால் பார்க்கும் மைக், பரிமாறுகிறவரின் வாளிச் சத்தத்தை எடுத்துக்கொள்ளும், பக்கத்து இலைக்காரர் குரலைத் தணித்துவிடும். ஐயாவுக்கு நடந்ததில் இதுவும் உண்டு. வரிசையின் ஓரத்து இலையில் உட்காருங்கள், ஒரு பக்கம் இரைச்சல் குறையும். நன்றாகக் கேட்கும் காது, பேச வேண்டியவர் பக்கம் இருக்கட்டும். அவர் பேசும்போது முகத்தை அவர் பக்கம் முழுசாகத் திருப்புங்கள், உதட்டையும் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். பாட்டுக் கச்சேரியின் ஸ்பீக்கர் பெட்டி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அப்புறம், கிட்டத்தில் போங்கள். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் அவர் குரல் உங்களிடம் ஏறக்குறைய 6 டெசிபல் கூடி வரும், இரைச்சல் இருந்த அளவிலேயே இருக்கும். மெஷினில் இருக்கும் இரண்டு மைக் தருவதைவிட அது அதிகம், செலவும் இல்லை. வீட்டார் "என்ன அப்பா, கேட்கலையா?" என்று தூரத்திலிருந்து கத்தாமல், தோளைத் தொட்டுவிட்டு, கிட்டத்தில் வந்து, கொஞ்சம் நிறுத்திப் பேசினால் போதும். கத்தினால் உயிரொலிதான் பெருகும், மெய்யொலி இன்னும் மங்கும்.

என் அம்மா பதினோரு வருடமாக மெஷின் போடுகிறார். விசேஷ வீட்டில் முதல் பந்திக்குப் போகமாட்டார். கூட்டம் குறைந்த கடைசிப் பந்திக்கு, தன் தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இனி எங்கள் தவறு. ஐயாவின் மெஷினை அவர் முன்னாலேயே கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தேன். கூட்டத்துக்கான தனி புரோகிராம் உள்ளே போட்டுத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் அதை மாற்றும் பட்டன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு வருடம் முன்பு மூக்குக்கண்ணாடியைச் சரி செய்யும்போதெல்லாம் கை பட்டு புரோகிராம் மாறுகிறது என்று அவர் சொன்னார். அன்று அணைத்தோம், கூட்டத்துக்குப் போகும்போது என்ன செய்வது என்று மாற்று வழி சொல்லித் தரவில்லை. காதுத் துளைக்குள் போட்டிருந்த ‘டோம்’ என்ற மெத்தென்ற முனையும் ஓட்டை வைத்த வகை. சொந்தக் குரல் கிணற்றுக்குள் கேட்பது போல் இருக்கிறது என்று அவர் கேட்டதால் போட்டது. அந்த ஓட்டை வழியாகக் கனத்த இரைச்சல் நேரே உள்ளே போய்விடும், மைக்கின் வேலை பாதி வீணாகிவிடும். இரண்டையும் இப்போது மாற்றிக் கொடுத்திருக்கிறோம். ஐயாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

முகூர்த்தத்துக்கு முன்பாவது இது ஏன் கண்ணில் படாமல் போனது என்றால், ஒன்பது வருடம் நம்மோடு இருந்த ஆடியாலஜிஸ்ட் (காது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) அம்மா மார்ச்சில் கணவருக்கு மாற்றலாகி ஊரைவிட்டுப் போய்விட்டார். உங்கள் காதையெல்லாம் பேர் சொல்லித் தெரிந்து வைத்திருந்தவர் அவர். மூன்று மாதம் மறுசோதனைகள் தள்ளிப்போனது உண்மை. இப்போது தகுதியும் பதிவும் பெற்ற ஒருவர் செவ்வாய், வெள்ளி வருகிறார், போனில் நேரம் வாங்கிக்கொண்டு வாருங்கள். முதல் வருடத்துக்குப் பிறகான டியூனிங்குக்கு இனி ரூ.300.

வேறு மாற்றங்களும் உண்டு. முன்னறையில் நாலு ஸ்பீக்கர் வைத்திருக்கிறோம். மண்டபத்தில் நாங்களே பதிவு செய்த பந்திச் சத்தத்தை அதில் ஓடவிட்டு, நடுவில் தமிழ் வாக்கியங்களைச் சொல்லி, எத்தனை புரிகிறது என்று பார்ப்போம். ஆடியோகிராம் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பேருக்குக் கூட்டத்தில் புரிவது ஒரே மாதிரி இருக்காது, அதனால் இதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். இனி மெஷின் வாங்குகிறவர் எவரும் இந்தச் சோதனை இல்லாமல் பணம் கட்ட வேண்டாம். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். பேசுகிறவர் நெஞ்சில் குத்திவிட்டால் குரல் நேரே உங்கள் மெஷினுக்கு வரும், கூட்டத்தில் இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் மாடலுக்கு ஒத்துவந்தால் முகூர்த்த நாளுக்கு எடுத்துப் போய் அடுத்த நாள் திருப்பித் தாருங்கள், வாடகை வேண்டாம்.

துறையூரிலிருந்தும் முசிறியிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் பஸ் ஏறி வந்து, டோக்கன் போட்டுக் காத்திருந்து, வரும்போது முருங்கைக்காயும் சீத்தாப்பழமும் கொண்டு வந்து வைக்கிற உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரல் பதிவு வந்த வாரம், பேட்டரி வாங்க வந்த ஓர் அம்மா கல்லாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பேத்தி பேசுற மழலை கேட்குதுப்பா, நீ கலங்காதே" என்றார். அந்தச் சொல்லில்தான் அன்று கடையைத் திறந்து வைத்திருந்தேன்.

ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன. பத்திரிகை வந்திருந்தால், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வந்துவிடுங்கள், புதிய டியூனிங் காதுக்குப் பழக அந்த நாள் வேண்டும். வரும்போது மெஷின், பழைய ஆடியோகிராம், மூக்குக்கண்ணாடி மூன்றையும் எடுத்து வாருங்கள். யார் பேசுவது உங்களுக்குப் புரிய வேண்டுமோ அவரையும் கூட்டி வாருங்கள், அவர் குரலை வைத்தே டியூன் செய்து பார்ப்போம். ஐயாவின் இளைய பேரனுக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். மகளையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
கடை உரிமையாளரும் கடைப் பிள்ளைகளும்