கண்முன் விழுங்கும் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

எச்ஐவி மருந்தை ஊழியர் முன்னிலையில் விழுங்கவைக்கும் திட்டங்கள் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் ஏன் தடுமாறுகின்றன? அப்படியொரு திட்டத்தில் துணையாளராக இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

இந்த முறை காசநோய் சிகிச்சையிலிருந்து வந்தது. காசநோய்க்குப் பெரும்பாலும் 6 மாதம்; எச்ஐவிக்கோ ஆயுள் முழுக்க. தினக்கூலிக்குப் போகிறவர் காலையில் மருந்து தரும் மையத்தின் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. ஊழியர் வீடு தேடிப் போனாலும் சிக்கல்தான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் தினமும் ஒரே ஆள் வந்துபோனால் அக்கம்பக்கத்துக்குத் தெரியாதா? "அக்கா, இனிமே வராதீங்க, வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிடுவார்" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை மறக்க முடியவில்லை. அவர் மருந்தை வெறுக்கவில்லை. நாங்கள் போன விதம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

2009இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும், தாமாக மருந்து எடுப்பவர்களைவிட நேரில் கண்காணிக்கப்படுபவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை என்றே கண்டது. வீடற்றவர்கள், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்கள் போன்ற சிலருக்கு இது உதவலாம். அதுவும் அவர்களே விரும்பிக் கேட்டால்.

சீராக மருந்து எடுப்பவர்களுக்கு 3 மாத மாத்திரையை ஒன்றாகக் கொடுங்கள். மாலையிலும் மையத்தைத் திறந்து வையுங்கள். துணை யார் என்பதை நோயாளியே முடிவு செய்யட்டும். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது என்பதை அந்தத் தெருக்களில் உரக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மருந்துத் துணையாளர் ஒருவர்