உமையாக்களை எதிர்த்தவர்களின் நியாயம்: பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

இஸ்லாமிய வரலாற்றுப் பாடங்களை வகுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

661 முதல் 750 வரை கலீஃபாக்களாக ஆண்ட உமையா வம்சத்தாருக்கு எதிரான கிளர்ச்சிகளைப் ‘பதவிப் போட்டி’, ‘கோத்திரப் பகை’ என்று இரண்டு சொற்களில் முடித்துவிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். பதவி ஆசை இருக்கவே செய்தது. ஆனால் ஆசைப்பட்டவர் ஒருவர் என்றால், அவர் பின்னால் உயிரைப் பணயம் வைத்து நின்றவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுடைய நியாயம் என்ன என்பதுதான் மாணவனுக்குத் தெரிய வேண்டியது.

நபியின் பேரர் ஹுஸைன் கொல்லப்பட்ட கர்பலாவை எல்லோரும் அறிவார்கள். நான் சொல்ல வருவது, அவ்வளவாகப் பேசப்படாத இப்னுல் அஷ்அஸின் கிளர்ச்சி. இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் பின் யூசுப், இப்னுல் அஷ்அஸின் தலைமையில் அனுப்பிய படை, கிழக்கு எல்லைப் பகுதியான சிஜிஸ்தானில் முடிவில்லாத போருக்குத் தள்ளப்பட்டபோது ஹஜ்ஜாஜுக்கு எதிராகவே திரும்பியது. தொடக்கத்தில் இது ஒரு படைத்தலைவரின் மானப் பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படை இராக்கின் பஸ்ரா நகரை அடைந்த வேளையில் அங்கே வேறொரு கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இஸ்லாத்தைத் தழுவி நகரத்தில் குடியேறிய உழவர்களால் வரி வருவாய் குறைகிறது என்று கணக்குப் பார்த்த ஹஜ்ஜாஜ், அவர்களைப் பழைய கிராமங்களுக்கே விரட்டி, அவர்களிடம் ஜிஸ்யாவும் (முஸ்லிம் அல்லாதோர் செலுத்தும் தலைவரி) வாங்கச் சொன்னார். போக்கிடம் தெரியாமல் ‘யா முஹம்மதா’ என்று அழுதபடி வெளியேறியவர்களைக் கண்டு, குர்ஆனை ஓதி ஓதுவித்த குர்ராக்களும் சேர்ந்து அழுதார்கள் என்று வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். கலிமா சொன்னவனை முஸ்லிமாகவே ஏற்காத அரசுக்குச் செய்த பைஅத் (விசுவாசப் பிரமாணம்) செல்லுமா என்ற கேள்வி, அவர்களுக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஹஜ்ஜாஜை நீக்குவதாகவும், சிரியப் படையினருக்கு நிகரான ஊதியம் தருவதாகவும் கலீஃபா அப்துல் மலிக் முன்வந்தார். இராக்கியர் மறுத்துவிட்டனர். கூலிக்காக மட்டும் எழுந்தவர்கள் அந்த இடத்தில் வாளைக் கீழே வைத்திருப்பார்கள். மாறாக, இராக்கின் தைருல் ஜமாஜிம் என்ற இடத்தில் போரிட்டுத் தோற்றார்கள். (வெற்றி கிட்டிவிட்டது என்ற மிதப்பும் அந்த மறுப்பில் கலந்திருக்கலாம், அதையும் எழுதுங்கள்.)

எதிர்த்தரப்பு நியாயத்தையும் விட்டுவிடலாகாது. ஹஜ்ஜாஜ் அல்லாஹ்வின் தண்டனை என்றால் அதை வாளால் தடுக்க முடியாது, பணிவோடு துஆச் செய்யுங்கள் என்பதே பஸ்ராவின் மார்க்க அறிஞர் ஹஸன் பஸரீயின் நிலைப்பாடு. மற்றோர் அறிஞரான ஸயீத் பின் ஜுபைரோ கிளர்ச்சியில் சேர்ந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் பிடிபட்டபோது, இப்னுல் அஷ்அஸுக்குச் செய்த பைஅத் தம் கழுத்தில் இருந்ததாகச் சொன்னார் என்றும், அமீருல் முஃமினீனுக்கு (கலீஃபாவுக்கு) நீர் முன்பே செய்த பைஅத் என்னவாயிற்று என்று ஹஜ்ஜாஜ் சீறினார் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஸயீத் 714இல் கொல்லப்பட்டார்.

எனவே, ‘கிளர்ச்சிக்கான காரணங்கள் ஐந்தை எழுதுக’ என்ற வினாவை எடுத்துவிட்டு, ஹஸன் பஸரீ, ஸயீத் பின் ஜுபைர் இருவரின் வாதங்களையும் எடைபோடச் சொல்லும் வினா ஒன்றை அடுத்த பதிப்பில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இவண்,
ஒரு வரலாற்று மாணவன்