செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் உயர்தர வகுப்பு மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு கல்லடியில் இயங்கும் எமது வாசகர் வட்டத்தின் மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் நடந்தன. மாரி மழையால் ஒரு கூட்டம் மட்டும் ஒத்திவைக்கப்பட்டது. புத்தக அலுமாரி ஒன்று புதிதாகச் சேர்ந்துள்ளது. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

இவ்வாண்டு விரிவாகப் பதிய வேண்டியது, செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் பேராசிரியர் ராஜ் ரெட்டி பற்றிய தொடர் உரைகளே. வாசகர் வட்டத்துக்கு இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டம் பெற்ற பிறகே தமிழ்ப் பேராசிரியரானார். அவர் சமாதி கொண்டுள்ள ஊரில் இக்கேள்விக்கு இடமில்லை என்பது என் எண்ணம்.

ரெட்டி 1937இல் ஆந்திரக் கிராமமொன்றில் பிறந்தவர். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அவுஸ்திரேலியா சென்று, 1966இல் ஸ்டான்ஃபோர்டில் ஜோன் மெக்கார்த்தியின் கீழ் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1969 முதல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில். 1994இல் எட்வர்ட் ஃபைகன்பாமுடன், கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது. மனிதப் பேச்சைக் கணினிக்கு விளங்க வைப்பதே அவரது நெடுநாள் உழைப்பு. 1976இல் அவரது குழு உருவாக்கிய 'ஹார்ப்பி' என்ற பேச்சறியும் நிரல் ஏறத்தாழ ஆயிரம் சொற்களை அறிந்திருந்தது.

உரைகளில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது, அவருடைய மாணவர் காய்-ஃபூ லீயின் கதை. நிபுணர்களின் அறிவை விதிகளாக எழுதிக் கணினிக்குக் கொடுக்கும் வழியில் ரெட்டிக்கு நம்பிக்கை. பலருடைய குரல்பதிவுகளைக் கொட்டிக் கொடுத்து, எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வரக்கூடும் என்று நிகழ்தகவைக் கணினியே கணிக்கட்டும் என்றார் மாணவர். உன் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் துணை நிற்பேன் என்று சொல்லி, வேண்டிய வசதிகளையும் செய்துகொடுத்தார் ஆசிரியர். யார் பேசினாலும், இடைவிடாமல் பேசினாலும் விளங்கிக்கொள்ளும் 'ஸ்ஃபிங்ஸ்' 1988இல் பிறந்தது அப்படித்தான். ஒரு பேராசிரியருக்கு இதைவிடப் பெரிய தகைமை என்ன இருக்கிறது? விருதைக் காட்டிலும் இதையே நான் மேலாக மதிக்கிறேன்.

உரைகளைக் கேட்ட நம் மாணவர்கள் கைத்தொலைபேசியோடு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போனார்கள். பன்பாய் இழைக்கும் விதத்தை ஒரு அம்மம்மா சொல்லச் சொல்ல, தொலைபேசி எழுதியது. செய்தி வாசிப்பவரின் தமிழைப் பிழையின்றி எழுதிய அதே கருவி, அம்மம்மாவின் பேச்சில் பாதியை விழுங்கியது. "நான் தமிழ்தானே மனே பேசுறன்" என்றார் அவர். நம் வட்டாரப் பேச்சு அந்தக் கருவிகளுக்குப் போதிய அளவு ஊட்டப்படவில்லை. பதிவு செய்து, எழுத்தாக்கி, ஒப்புநோக்கிச் சேர்த்தால் நிலைமை மாறும். பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் வழிகாட்ட முன்வந்துள்ளார். அவருக்கு எம் நன்றி.

வரும் ஆண்டில் பதிவுகளை எப்படித் திரட்டுவது என்பதில் மாணவர்களுக்கும் செயற்குழுவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நாம் எழுதிக் கொடுத்ததைப் பெரியவர்களை வாசிக்கச் செய்து பதிவோம் என்கிறது குழு. இயல்பாகப் பேச விட்டுப் பதிவோம் என்கிறார்கள் மாணவர்கள். மாணவர்களை அவர்கள் வழியிலேயே செய்ய அனுமதித்து, பதிவுக் கருவிக்கான பணத்தையும் ஒதுக்குமாறு இச்சபையைக் கேட்டு, அறிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

நன்றி.
செயலாளர்