எந்த ஆண்டின் கிராக்குவ்?

போலந்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், வரைபடத்துக்குப் பெயர் பொறிக்கிறவர்கள் எல்லாருக்கும்,

வணக்கம். மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. சென்ற மாதம் ஒரு வாழ்க்கைக் குறிப்பு திருத்த வந்தது. அதன் முதல் வரி: "போப் இரண்டாம் ஜான் பால் 1920 மே 18 அன்று போலந்தின் மாவோபோல்ஸ்கா மாநிலத்தில் உள்ள வாதொவித்செ நகரில் பிறந்தார்." ஒற்றுப்பிழை இல்லை. தேதி சரி, ஊரும் சரி. ஆனாலும் சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று. இன்று நாம் சொல்கிற மாவோபோல்ஸ்கா மாகாணம் பிறந்ததே 1999 ஜனவரி 1-ம் தேதிதான். குழந்தை பிறந்து 78 வருடம் கழித்து வந்த மாகாணத்தில் அந்தக் குழந்தை எப்படிப் பிறந்திருக்கும்? "மாநிலம்" என்ற சொல்லும் தப்பு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சரி, "கிராக்குவ் மாகாணம்" என்று திருத்திவிடலாம் என்று நினைத்தேன். அதுவும் சரிப்படவில்லை. ஆஸ்திரியாவிடமிருந்து மீண்ட கலீசியப் பகுதியில் மாகாணங்களை அமைக்கும் சட்டம் 1920 டிசம்பர் 3-ல்தான் வந்தது. ஆக, மே மாதத்தில் அந்தக் குழந்தை எந்த மாகாணத்திலும் பிறக்கவில்லை. போலந்து நாட்டில் பிறந்தது, அவ்வளவுதான்.

வாதொவித்செ ஊரை அதன் பிறகும் விடாமல் பந்தாடியிருக்கிறார்கள். 1918 வரை ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா. அப்புறம் கிராக்குவ் மாகாணம். 1939-ல் ஜெர்மனி அந்த ஊரைத் தன் நாட்டோடு நேரடியாகச் சேர்த்துக்கொண்டது. சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் கிராக்குவ் நகரமோ "பொது ஆளுகை" என்று ஜெர்மனி ஆக்கிரமித்து ஆண்ட வேறொரு பகுதியில் மாட்டியது. 1945-ல் மறுபடி கிராக்குவ் மாகாணம். 1975-ல் பியெல்ஸ்கோ மாகாணம். 1999-ல் மாவோபோல்ஸ்கா. 1986 பிப்ரவரியில் போப் சென்னைக்கு வந்தபோது (அப்போது நம் கோயில்களில் அருள் சின்னப்பர் என்றுதான் சொல்வார்கள்) அவருடைய சொந்த ஊர் பியெல்ஸ்கோ மாகாணத்தில் இருந்தது. 1979 ஜூனில் போப்பாக முதல் தடவை ஊருக்குப் போனபோதும் அப்படியே. 1999 ஜூனில் ஊர்ச் சதுக்கத்தில் நின்று, பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் நண்பர்களோடு கிரீம் கேக் தின்ற கதையைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தாரே, அப்போது அந்த ஊர் மாவோபோல்ஸ்காவுக்கு மாறி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஊர் ஒரு அடி நகரவில்லை.

இந்த மடலில் நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். போலந்தின் ஒரு மாகாணப் பெயரை எழுதினால் எந்த ஆண்டின் மாகாணம் என்று பாருங்கள். தெரியாவிட்டால் மாகாணத்தையே விட்டுவிடுங்கள்.

அந்த நாட்டு மொழியில் இதற்குச் சொல் வொயெவுத்ஸ்த்வோ. வொயெவோதா என்பவரின் ஆட்சிப்பரப்பு. படையை நடத்திச் செல்பவர் என்பதுதான் அந்தச் சொல்லின் வேர். பழைய முடியாட்சிக் காலத்தில் இவர்கள் செனட்டில் உட்கார்ந்த பெரிய மனிதர்கள். இன்றைக்கு வொயெவோதா என்றால் பிரதமர் நியமிக்கும் அரசுப் பிரதிநிதி. மாகாண மன்றத்துக்கு செய்மிக் என்று பெயர். மக்கள் தேர்ந்தெடுக்கும் அந்த மன்றம் மாகாண நிர்வாகக் குழுவின் தலைவராக மார்ஷல் ஒருவரைத் தேர்வு செய்யும். சாலை, வட்டார ரயில், ஐரோப்பிய ஒன்றிய நிதி எல்லாம் பெரும்பாலும் இந்த மார்ஷல் கையில். ஒரு மொழிபெயர்ப்பில் இவரை "படைத்தளபதி" ஆக்கியிருந்தார்கள். அந்தப் பட்டம் பொருந்துவதானால் வொயெவோதாவுக்குத்தான் பொருந்தும், அதுவும் ஐந்நூறு வருடத்துக்கு முன்பு.

பெயரை நம்பி ஏமாறுவதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1816. நெப்போலியன் 1807-ல் உருவாக்கிய வார்சா டச்சி என்ற சிற்றரசில் பிரெஞ்சுப் பாணியில் "டிபார்ட்மென்ட்" என்ற ஆட்சிப் பிரிவுகள் இருந்தன. முதலில் ஆறு, 1809-க்குப் பின் பத்து. நெப்போலியன் தோற்றதும் ரஷ்ய ஜார் தலைமையில் போலந்து ராஜ்யம் ஒன்று வந்தது. பழைய சொல்லை மீட்டு எட்டு மாகாணங்கள் போட்டார்கள். அதில் ஒன்று கிராக்குவ் மாகாணம். அந்த மாகாணத்தில் கிராக்குவ் இல்லை! அந்த நகரம் அப்போது தனிச் சுதந்திர நகரம். எனவே கிராக்குவ் மாகாணத்தின் நிர்வாகம் கியெல்ட்சே என்ற ஊரில் நடந்தது. சாந்தொமியெஷ் மாகாணத்துக்குத் தலைநகரம் ராதொம். பழைய பெருமைக்காகப் பெயரை வைத்துக்கொண்டு, அலுவலகத்தை வேறு ஊரில் வைத்தார்கள். 1837-ல் ஜார் அரசு மாகாணம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு ரஷ்ய முறைப்படி "குபேர்னியா" ஆக்கியது. ஆகவே "1825-ல் கிராக்குவ் மாகாணத்தில்" என்று படித்ததும் கிராக்குவ் கோட்டையின் படத்தைப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.

"மாநிலம்" பற்றிச் சொல்கிறேன் என்றேன். போலந்து ஒற்றையாட்சி நாடு. அதன் மாகாணங்களுக்கு நாடாளுமன்றம் போலச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை. மாநிலம் என்று எழுதினால் நம் வாசகர் மனத்தில் சட்டமன்றம், முதலமைச்சர் என்று ஒரு படம் ஓடும். அது அங்கே கிடையாது. ஆனால் ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. 1920 ஜூலை 15-ல் இயற்றிய சட்டத்தின்படி சிலேசிய மாகாணத்துக்குத் தன்னாட்சி கொடுத்தார்கள். அதற்கென்று தனி செய்ம் (சட்டமன்றம்), தனிக் கருவூலம். ஜெர்மனியோடு போவதா போலந்தோடு வருவதா என்று அந்த மக்கள் வாக்களிக்க இருந்த நேரம் அது. இழுத்துக்கொள்ள ஏதாவது கொடுத்தாக வேண்டும். கத்தோவிட்சே நகரில் 1929-ல் கட்டி முடித்த அந்த மன்றக் கட்டடம் இன்றும் கனமாக நிற்கிறது. அதில் இப்போது இருப்பது வொயெவோதாவின் அலுவலகம். 1945-ல் தன்னாட்சியை நீக்கிவிட்டார்கள். அந்த ஒரு சிலேசியாவை, அந்த ஆண்டுகளுக்கு மட்டும், நீங்கள் மாநிலம் என்று எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடே மேற்கே நகர்ந்தது. லுவுவ், வில்னோ, தர்னோபோல், ஸ்தானிஸ்வாவுவ் எல்லாம் கை விட்டுப் போயின. லுவுவில் 1930-ல் பிறந்த ஒருவரை "உக்ரைனில் பிறந்தவர்" என்று எழுதுகிறோம். இன்றைய வரைபடத்துக்கு அது சரி. அவருடைய பிறப்புச் சான்றிதழுக்குச் சரியில்லை. மேற்கே புதிதாக வந்த நிலத்தில் புதிய மாகாணங்கள். 1950-ல் கொஷாலின், ஓபோலே, ஜெலோனா கூரா மூன்றையும் சேர்த்து 17 ஆயிற்று. வார்சா, வூச் நகரங்கள் இந்தக் கணக்கில் சேராமல் தனி. நடுவில் கத்தோவிட்சேவுக்கு ஸ்தாலினோகுருத் என்று பெயர் மாற்றினார்கள். 1953 முதல் 1956 வரை மாகாணத்தின் பெயரும் அதுதான். அந்த மூன்று வருடத்தில் பிறந்தவர்களின் சான்றிதழ்களை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம்தான் பெரிய வெட்டு. 1975 ஜூன் 1. பதினேழு மாகாணங்களை 49 ஆக உடைத்து, இடையில் இருந்த மாவட்டங்களை, அதாவது போவியத்களை, முழுக்கத் தூக்கிவிட்டார்கள். நிர்வாகம் மக்களுக்கு நெருங்கி வரும் என்பது அன்றைய விளக்கம். ஆளும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் எத்வார்த் கெரெக் தாமே பல வருடம் கத்தோவிட்சே மாகாணக் கட்சிச் செயலாளராக இருந்து மேலே வந்தவர். பலமான மாகாணச் செயலாளர் ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பது அவருக்குத் தெரியாதா? அந்த ஏணியைச் சின்னச் சின்னத் துண்டாக்கினார் என்பதே என் கணிப்பு. எப்படியோ, திடீரென்று தலைநகரங்கள் 49 ஆயின. இரண்டரை லட்சம் பேருக்கும் குறைவான ஹெவ்ம் மாகாணம்கூட இருந்தது. தலைநகரம் என்றால் சும்மாவா? அலுவலகக் கட்டடம், மருத்துவமனை, நாடகசாலை, அகலச் சாலை, கார் எண் பலகையில் தனி எழுத்து. 24 வருடம் இதை அனுபவித்த ஊரிடம் போய் "இனி நீ இல்லை" என்றால் எப்படி இருக்கும்?

1998-ல் அதுதான் நடந்தது. பிரதமர் யெஷி புஸெக் அரசு 12 பெரிய மாகாணங்கள் போதும் என்றது. தெருவில் இறங்கினார்கள். ஓபோலே மக்கள் தங்கள் மாகாணத்தைக் காப்பாற்றச் சாலை நெடுக மனிதச் சங்கிலி கட்டினார்கள். எண்ணிக்கை 15 ஆயிற்று. அதிபர் குவாஷ்னியெவ்ஸ்கி தம் அதிகாரத்தால் அதைத் தடுத்தார். பேரம் பேசி, ஜூலை 24-ல் 16 என்று முடித்தார்கள். 1999 ஜனவரி 1 முதல் நடைமுறை. மாவட்டங்களும் திரும்பி வந்தன. இன்று 314 மாவட்டங்களும், மாவட்ட அந்தஸ்து பெற்ற 66 நகரங்களும், அவற்றின் கீழே கிமினா என்ற அடித்தட்டு உள்ளாட்சிகள் 2,400-க்கும் மேலாகவும் இருக்கின்றன. கிமினாவை ஊராட்சி என்று எழுதாதீர்கள். வார்சாவும் ஒரு கிமினாதான்.

இந்தப் பேரத்தின் தழும்பு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் பிட்கோஷ்ச்சுக்கும் தோருனுக்கும் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. போருக்கு முன் பொமரேனியா மாகாணத்தின் தலைநகரம் தோருன். 1938-ல் எல்லையைத் திருத்தியபோது பிட்கோஷ்ச்சையும் அதே மாகாணத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1945-ல் தலைநகரத்தைப் பெரிய ஊரான பிட்கோஷ்ச் எடுத்துக்கொண்டது. 1975-ல் தோருனுக்குத் தனி மாகாணம் கிடைத்தது. 1999-ல் இரண்டையும் மறுபடி ஒரே வீட்டில் வைத்தபோது பாகப்பிரிவினை மாதிரி பிரித்தார்கள். வொயெவோதா பிட்கோஷ்ச்சில், மன்றமும் மார்ஷலும் தோருனில். கொஷுவ், ஜெலோனா கூரா இரண்டுக்கும் அதே ஏற்பாடு. அதனால் பாட நூலின் அட்டவணையில் "தலைநகரம்" என்ற கட்டத்தில் ஒரே பெயரைப் போடாதீர்கள். கட்டம் சின்னது என்று காரணம் சொல்கிறார்கள். எழுத்தைச் சின்னதாக்குங்கள்.

சிலேசியா பற்றி இன்னொன்று. இன்றைய சிலேசிய மாகாணத்தில் இருப்பவர் எல்லாரும் சிலேசியர் அல்லர். செஸ்டொஹோவாவும் சொஸ்னோவியெத்ஸும் போருக்கு முன் கியெல்ட்சே மாகாணம். அதற்கும் முன் கத்தோவிட்சே பிரஷ்யாவிடம், பக்கத்திலேயே இருக்கும் சொஸ்னோவியெத்ஸ் ரஷ்யாவிடம். சொஸ்னோவியெத்ஸுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டும் என்று சிலேசியர்கள் இன்றும் கிண்டல் செய்வார்கள். கார் எண் பலகையில் இரண்டு ஊருக்கும் முதல் எழுத்து ஒன்றே. ஆனாலும் சொஸ்னோவியெத்ஸ்காரர் ஒருவரை "சிலேசியர்" என்று எழுதிவிட்டு அவரிடமே காட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் வெறும் பொது அறிவு என்று தோன்றலாம். என் நண்பனின் மனைவி ஷிவியெத்ஸ் ஊர்க்காரர். திருமணப் பதிவுக்காகப் பிறப்புச் சான்றிதழின் இரண்டு நகல்களைக் கொடுத்தார்கள். ஒன்று 1990-களில் எடுத்தது, தலைப்பில் பியெல்ஸ்கோ மாகாணம். மற்றது பின்னாளில் எடுத்தது, தலைப்பில் சிலேசிய மாகாணம். அதே பெயர், அதே தேதி, அதே ஊர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எதும்மா உண்மை?" என்று கேட்டார். இரண்டும் உண்மை என்று புரியவைக்க ஒரு முழுக் காலை போயிற்று. அங்கே கைகொடுக்கத் தமிழில் ஒரு நல்ல குறிப்பு இருந்திருந்தால் பத்து நிமிட வேலை.

உங்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். 1999-க்கு முன் மாகாணங்களுக்குப் பெரும்பாலும் தலைநகரின் பெயர், அதன் பிறகு பெரும்பாலும் வட்டாரத்தின் பெயர். பியெல்ஸ்கோ, தர்னுவ், ராதொம் என்று வந்தால் பழையது. மசோவியா, பொத்கர்பாத்சியே, கீழ்ச் சிலேசியா என்று வந்தால் புதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வூச், லுப்லின், ஓபோலே மூன்றும் இன்றும் ஊர்ப் பெயரோடுதான் இருக்கின்றன. அவையும் பழைய அளவில் இல்லை. கொஷாலின், சுவுப்ஸ்க் பக்கத்தில் "எங்களுக்கு நடுப் பொமரேனியா மாகாணம் வேண்டும்" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பதினாறு என்பதும் நிரந்தரம் இல்லை. வரைபடத்தின் ஓரத்தில் ஆண்டைப் போட்டுவிடுங்கள்.

அந்த வாழ்க்கைக் குறிப்பை நான் இப்படித் திருத்தி அனுப்பினேன்: "1920 மே 18 அன்று, அப்போது எந்த மாகாணத்திலும் சேராத, பின்னர் கிராக்குவ், பியெல்ஸ்கோ மாகாணங்களில் இருந்து, இன்று மாவோபோல்ஸ்கா மாகாணத்தில் இருக்கும் வாதொவித்செ நகரில் பிறந்தார்." ஆசிரியர் உடனே கூப்பிட்டார். "ஐயா, இது குழந்தை பிறந்த கதையா, பட்டா மாறிய கதையா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். இப்போது அந்த வரி "போலந்தின் வாதொவித்செ நகரில் பிறந்தார்" என்று அச்சுக்குப் போயிருக்கிறது.

அன்புடன்,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்