மரத்தூள் பலகைக்கு எந்தப் பலம் கூடியது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரத்தூளையும் எபாக்சி ரெசினையும் (இறுகிக் கெட்டியாகும் ஒருவகைச் செயற்கைப் பிசின்) கலந்து பலகை செய்த மாணவர்களைப் பற்றி நீங்கள் போட்ட செய்தியைப் படித்தேன். பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் 'பலம் கூடியது, மண்ணுக்கும் கேடில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கப்பலூர் பக்கம் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழையை ரெசினில் பதித்துச் செய்யும் பிளாஸ்டிக்) பட்டறை வைத்திருக்கிற எனக்கு அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

எந்தப் பலம்? தூள் சேர்த்தால் விறைப்பு கூடும், பலகை எளிதில் வளையாது, அது உண்மை. இழுத்துப் பார்த்தால் கதை வேறு. கண்ணாடி இழை நீளமாக ஓடிப் பாரத்தைத் தாங்கும், மரத்தூளின் குட்டைத் துகளால் அது முடியாது, அதனால் பல நேரம் வெறும் ரெசினைவிடச் சீக்கிரமே அறுந்துபோகும். தூள் அளவு மீறிவிட்டால் ரெசின் எல்லாத் துகளையும் நனைக்காமல் கட்டி கட்டியாக நின்று நடுவில் காற்றுக் குமிழ் தங்கிவிடும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பாரமும் ஈரமும் தாங்க வேண்டிய ஏணிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இது ஆகாது. சுவர்ப் பலகை, மேசைப் பலகை, வார்ப்பட மாதிரிகள் போன்றவற்றுக்கு நன்றாக ஆகும். ரெசின் செலவு குறையும், இறுகும்போது எழும் சூடும் சுருக்கமும்கூடக் குறையும்.

அப்புறம் தூளின் நிலைமை. கல்லூரி ஆய்வகத்தில் சலித்து, காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்துக் கழுவி, 105 டிகிரி சூட்டில் உலர்த்திவிடுகிறார்கள். மேலே இருக்கிற மெழுகும் பிசுக்கும் போய்த் துகள் சொரசொரப்பானால் ரெசின் பிடிக்கும். நம் ஊர் மரம் அறுக்கும் மில்லில் தேக்கு, வேம்பு, வாகை, பிளைவுட் தூள் எல்லாம் ஒரே சாக்கில் விழுகிறது, ஐப்பசி மழையில் நனையவும் நனைகிறது. தேக்கில் எண்ணெய் உண்டு, பசை சரியாக ஒட்டாது என்று எந்த ஆசாரியும் சொல்வார். காஸ்டிக் கழுவிய தண்ணீரை எங்கே விடுவது, கண்மாயிலா? இதையெல்லாம் யோசிக்காமல் ஆய்வகத்தில் வந்த அளவு பட்டறையிலும் வரும் என்று நம்பக் கூடாது. மில்லிலேயே மரவாரியாகத் தனித்தனிச் சாக்கில் பிடித்து வைத்தால் நான் கூடுதல் விலை கொடுத்து வாங்குவேன். சலிக்கவும் உலர்த்தவும் தொழிற்பேட்டையில் பொதுவாக ஓர் இடம் வேண்டும்.

தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கழிவு பிளாஸ்டிக்கைச் சாலைக்குக் கொண்டுபோனது இந்த மதுரையிலிருந்துதான், 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துண்டைத் தூவினால் உருகி மேலே படியும், பிறகு தாரை ஊற்ற வேண்டியதுதான். சாலை போடுகிற ஆட்களே செய்யக்கூடிய முறை என்பதால்தான் அது பரவியது என்று நினைக்கிறேன். மரத்தூளுக்கும் அப்படி ஒரு வழி வேண்டும்.

மண்ணுக்குக் கேடில்லை என்பதும் சரியில்லை. எபாக்சி ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது, மக்கவும் மக்காது. சும்மா கிடந்தால் மண்ணாகிவிடும் தூளை அதற்குள் போட்டு அடைக்கிறோம் என்றால் பல வருஷம் உழைக்கிற சாமானாகச் செய்ய வேண்டும், ஒரு விழாவுக்குக் கொடுத்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பரிசுப் பொருளாக வேண்டாம். உங்கள் படத்தில் பிள்ளைகள் வெறுங்கையோடு கலக்குகிறார்கள், முகத்தில் மாஸ்க்கும் இல்லை. ரெசினை இறுக வைக்கச் சேர்க்கிற ஹார்டனர் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்துவிடும், மரத்தூள் மூக்கில் புற்றுநோய் வரவைக்கும் என்பது உறுதியான விஷயம். தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை எழுதும்போது நூறு கிராம் கலவையில் தூள் எத்தனை கிராம், வெறும் ரெசின் எவ்வளவு இழுவிசை தாங்கியது, தூள் கலந்தது எவ்வளவு தாங்கியது, ஒரு நாள் தண்ணீரில் கிடந்தால் எடை எவ்வளவு ஏறியது என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். மில் தூளை வைத்து என் பட்டறையிலேயே ஊற்றிப் பார்க்க அந்த மாணவர்கள் எப்போது வந்தாலும் சரி.

ஒரு வாசகர்,
திருமங்கலம்