தோட்ட மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வர முடியாமல் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பி வைத்திருப்பவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறுகளில் கூட்டப்பட்டன. கூடியதா என்பது வேறு கேள்வி. சுதந்திர தினத்தன்று பள்ளி வளாகத்தில் வேம்பு, புங்கைக் கன்றுகள் நடப்பட்டன. ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வழங்கப்பட்டது. பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. புதிய மண்வெட்டி ஒன்று வாங்கினோம். பழையது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

இனி ரோஜாத் திட்டம், அதாவது நம் வீட்டு ரோஜாக்களைக் கோடையில் காப்பாற்றும் முயற்சி. இதைப் பற்றி வெளியில் பல விதமாகப் பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம் பக்கம் ரோஜா வைப்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கார்த்திகை, மார்கழியில் பூத்துக் குலுங்குது, சித்திரையில் வெயிலில் செத்துப் போகுது." சென்ற கத்திரியிலும் நம் உறுப்பினர்கள் வீடுகளில் பாதிக்கு மேற்பட்ட செடிகள் போயின. வெயில்தான் காரணம் என்று நிழல்வலை கேட்டு எனக்கு வந்த போன் அழைப்புகளுக்குக் கணக்கில்லை. வலை கட்டியவர்கள் வீட்டிலும் செடி கருகியது. கருகிய விதத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். வெயிலில் வாடும் இலை முழுதாகத் தொங்கும், சாயங்காலம் கொஞ்சம் நிமிரும். நம் செடிகளில் முதலில் கருகியது இலையின் ஓரம், அதுவும் அடி இலைகளில். அது தண்ணீரில் உள்ள உப்பு செய்யும் வேலை.

இதை உறுதிப்படுத்தத்தான், தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வாங்கப்பட்டது. சில நூறு ரூபாய் சாமான். ஆகஸ்ட் கூட்டத்தில் அதற்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்தபோது நான் ஜீப் வாங்கிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. பில் கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த மீட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். குழாயில் வரும் காவிரித் தண்ணீர்தான் எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் அதைக் குடத்தில் பிடித்து வைத்துச் சோறு பொங்குகிறவர்களிடம் ரோஜாவுக்கு ஊற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணறுகளும் போர்களும் (ஆழ்துளைக் கிணறுகளும்)தான் பிரச்சினை. பொதுவாக மீட்டர் 500க்குள் காட்டினால் ரோஜா கவலையில்லாமல் வளரும். 1000ஐத் தாண்டினால் இலை ஓரம் சொல்லிவிடும். நம் தெருக்களில் பல போர்கள் 1000ஐ எப்போதோ தாண்டியவை.

"நாங்க குடிக்கிற தண்ணிதானே, செடி குடிச்சா என்ன?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 500 வரை இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. மனுஷனுக்குக் கொடுத்த அந்தச் சலுகையை ரோஜா ஏற்றுக்கொள்வதில்லை. தென்னை தாங்கும், ரோஜா தாங்காது. அவ்வளவுதான்.

உப்பு ஏன் கோடையில் கூடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் மணலுக்கடியில் மழைத் தண்ணீர் மேலாகவும் கடல் தண்ணீர் கீழாகவும் நிற்கிறது. அந்தக் காலத்தில் ஊற்றுத் தோண்டி, ஊறுவதைக் கொட்டாங்கச்சியால் கோதி எடுத்தார்கள். மேலே இருந்த நல்ல தண்ணீர் மட்டும் வந்தது. இப்போது மோட்டாரைப் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, நல்லது குறைந்து அடியில் இருப்பது மேலேறி வருகிறது. பங்குனியில் இனித்த கிணறு வைகாசியில் உவர்க்கும் காரணம் இதுதான். போதாததற்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலாகத் தெளிக்கிறோம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். தெளிப்பதை நிறுத்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வேருக்கு எட்டும்படி ஊற்றினாலே பாதி செடி பிழைக்கும்.

வீடு வீடாகப் போனதில் தெரிந்த மற்ற விஷயங்களையும் பதிவு செய்கிறேன். ஒரு வீட்டில் கருவாடு ஊறவைத்த தண்ணீரை "சத்து" என்று ரோஜாவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பச்சை மீன் கழுவிய தண்ணீர் சரி, கருவாட்டுத் தண்ணீர் கூடவே கூடாது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரும் அப்படித்தான். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டுவது நல்ல தண்ணீர், அதை வீணாக்க வேண்டாம். கயிறு ஆலையிலிருந்து நார்க்கழிவு வாங்கிச் செடியடி மண்ணின் மேல் மூடாக்குப் போட்டவர்கள், முதலில் நல்ல தண்ணீரில் அலசியிருக்க வேண்டும். அலசத் தண்ணீர் இல்லையென்றால் காய்ந்த தென்னோலையை நறுக்கிப் போட்டாலே போதும். கரையில் ஒதுங்கும் கடல்பாசியும் நல்ல உரம்தான், ஆனால் ஒரு மழைக்காலம் நனைந்து உப்புப் போன பிறகு. வேன் வண்டியில் விற்க வரும் பெங்களூர் ரோஜாவின் செம்மண் கட்டியை அப்படியே நம் மணலில் புதைத்தால், ஊற்றும் தண்ணீர் கட்டியைச் சுற்றி ஓடிவிடும், உள்ளே வேர் காய்ந்து கிடக்கும். குழியை அகலமாகத் தோண்டி, கண்மாய் வண்டலும் மக்கிய சாணமும் கலந்து நிரப்ப வேண்டும். சித்திரையில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: நம் பக்கம் கவாத்துக்குக் காலம் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். கோடையில் வாடிய பூவை மட்டும் கிள்ளுங்கள், இலையை விட்டுவையுங்கள், உரத்தை நிறுத்துங்கள். சிவப்புச் சிலந்திக்குக் கந்தகம் அடிக்கிறேன் என்று உச்சி வெயிலில் அடித்தால் சிலந்திக்கு முன்னால் இலை போய்விடும்.

சரி, தண்ணீருக்கு என்ன வழி? 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நம் மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே 82 செ.மீ. சொச்சம். அன்று தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் என்று போட்டோ அனுப்பியவர்கள், மூன்று மாதத்தில் தண்ணீர் லாரிக்கு போன் செய்தார்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. பெய்தாலே 9,000 லிட்டருக்கு மேல் விழும். பத்து ரோஜாச் செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தலா 4 லிட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 1,200 லிட்டர். அதாவது 200 லிட்டர் நீல டிரம் ஆறு. மழைநீர்த் தொட்டி 2003இலேயே எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நம் தெருக்களில் அவற்றில் பெரும்பாலானவை மணல் மூடிக் கிடக்கின்றன, சிலவற்றின் மேல் துவைக்கும் கல் இருக்கிறது.

இதற்காகத்தான் மன்றம் மொத்தமாக டிரம் வாங்கித் தரும் என்று புரட்டாசியிலேயே அறிவித்தேன், வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். கட்டைவிரல் நிறைய வந்தது. டிரம் வாங்க வந்தவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் மேற்குத் தெரு லாத்தா ஒருவர் டிரம் தண்ணீரோடு மண்பானையும் சேர்த்துக்கொண்டார். சுட்ட பானையைக் கழுத்துவரை இரண்டு செடிக்கு நடுவே புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிட்டார். அது கசிந்து வேருக்கு மட்டும் போகிறது. அவர் வீட்டுப் பன்னீர் ரோஜா இந்தப் பங்குனியிலும் மொக்கு விட்டிருக்கிறது. பூ சின்னதுதான், கோடையில் அப்படித்தான் வரும். சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம், ஆனால் பறிக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

"இந்த மண்ணுக்கு ரோஜா எதுக்கு, பேசாம முண்டு மிளகாய் போடுங்க" என்றும் ஒரு கருத்து வந்தது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய், அதன்மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் மிளகாயைத் தலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று மகளிர் அணி பதில் சொல்லிவிட்டதால் நான் மேற்கொண்டு பேசவில்லை.

நிழல்வலை விஷயம். காலையில் வெயில் படும்படி, மேற்கு வெயிலையும் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றையும் மறைக்கும்படி கட்டினால் அதற்கும் பலன் உண்டு. மன்றம் வாங்கிய வலையிலிருந்து துண்டுகள் இரவல் கொடுக்கப்பட்டன. ஒரு துண்டு ஒரு கோழிக்கூண்டின் மேலும், இன்னொன்று கருவாடு காயும் இடத்திலும் இருப்பதாகத் தகவல். பெயர் சொல்லவில்லை, அவர்கள் இங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சென்ற ஆண்டு இருப்பும் சந்தா வரவும் சேர்ந்து செலவுக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தன. சிறு வித்தியாசத்தை நான் கைக்காசில் பார்த்துக்கொண்டேன், அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. விவரம் பொருளாளர் ஏட்டில் இருக்கிறது. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். ஏட்டில் இருக்கும் பெயர்களில் பாதிப் பேர் கட்டியிருக்கிறார்கள். மீதிப் பாதியில் சிலர் இரண்டு வருடமாகக் கட்டவில்லை, ஆனால் மீட்டர் விலையைப் பற்றி அதிகம் பேசியவர்களும் அவர்கள்தான்.

கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், நாற்காலி தந்தவர்களுக்கும், தேநீர்ச் செலவை ஏற்ற தலைவர் அவர்களுக்கும், ஒலிபெருக்கிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஐப்பசிக்கு முன்னால் இருபது வீடுகளிலாவது டிரம் வைத்துவிட வேண்டும், மூடிய மழைநீர்த் தொட்டிகளைத் தோண்ட வேண்டும் என்பது திட்டம். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு மீட்டரையும் கோப்பையும் ஒப்படைக்கிறேன். முன்வரவில்லையென்றால் நானே தொடர ஆட்சேபணை இல்லை, ஆனால் டிரம்முக்கு முன்பணம் வந்த பிறகுதான் ஆர்டர் போடுவேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். தேநீரும் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.

செயலாளர்